உள்ளிருந்து புடைத்த ஏழு பட்டைகள்

வாசலுக்கு மேலே பெயர்ப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸக்கா ஏழு இரும்புப் பட்டைகளை மாட்டி வைத்திருக்கிறாள். ஷட்டர் கதவின் பட்டைகள்தான். ஆனால் ஷட்டருக்கு உரிய தட்டையான ஒழுங்கு அவற்றில் இல்லை. மாதம் நிறைந்த வயிறு போல நடுவில் தெருவை நோக்கிப் புடைத்திருக்கின்றன. ஒரு பட்டையின் ஓரம் கிழிந்து பல்லை இளிக்கிறது.

ஷட்டர் செய்கிற கடையில் இப்படி ஒரு விளம்பரமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கிரீஸக்கா ஸ்பிரிங்குக்கு கிரீஸ் தடவிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொல்வாள்: "அது உள்ளேருந்து அடிச்சது சார். வெளியேருந்து எவன் அடிச்சாலும் என் ஷட்டர் நெளியாது. நம்பி வாங்குங்க."

கேட்டவர் சிரிப்பார். அளவெடுக்க வரச் சொல்வார். அவள் போவாள். வாசலை ஒரு முறை அளப்பாள். டேப்பைச் சுருட்டிவிட்டு, மறுபடி நீட்டி, இரண்டாம் முறையும் அளப்பாள். அந்த இரண்டாம் அளவுக்குப் பின்னால் இருக்கும் ரத்தம் கேட்டவருக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

கிரீஸக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெற்றபோது அவளுக்கு வயது இருபது. பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு அது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். வலி முதலில் தூறல் போலத்தான் தொடங்கியது. இடுப்பில் ஒரு பிடி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பிடி. தாங்கிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அது மழையானது. பதினெட்டாம் மணி நேரத்தில் அவள் வாய்விட்டு அலறியபோது, கட்டைக் குரல் நர்ஸ் ஒருத்தி வந்து அவள் தொடையில் ஓங்கி அறைந்தாள்.

"வாயை மூடு. பெத்துக்க ஆசை இருந்துச்சுல்ல, அப்ப தாங்கு."

இரண்டாம் அலறலுக்கு இரண்டாம் அறை. அதற்கு மேல் எண்ண அவளால் முடியவில்லை. கடைசியில் ஆயா ஒருத்தி முக்காலி மேல் ஏறி நின்று, முழங்கையை அவள் மேல்வயிற்றில் ஊன்றி, மாவு பிசைகிற வேகத்தில் அழுத்தினாள். குழந்தை வந்தது. கூடவே சதையும் கிழிந்தது. கிழிந்த இடத்தை மரத்துப்போக ஊசி போடாமலேயே தைத்தார்கள். அவள் கத்தவில்லை. இடது மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். நான்கு பல் தடங்கள் இன்றும் அங்கே வெள்ளையாகத் தெரியும்.

இருபத்திரண்டு மணி நேரம். அந்த வார்டு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் போட்டால் இன்னும் அடி விழும்.

அந்தப் பாடம் வீட்டிலும் பயன்பட்டது, பாவம்.

அவள் கணவரைத் தெருவில் ஷட்டர்காரர் என்பார்கள். கைவேலையில் கெட்டிக்காரர். வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. உயராத அந்தக் குரலோடுதான் வீட்டுக்குள் கை உயரும். குழந்தை அழுதால் அடி. கடைக்கு வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தால் அடி. கொடுக்காமல் இருந்தால், மரியாதை தெரியாதவள் என்று அதற்கும் அடி. கையில் எது இருக்கிறதோ அது. பெரும்பாலும் அளவு டேப். அதன் இரும்புப் பெட்டி விலாவில் பட்டால் ஒரு மாதத்துக்கு மூச்சு முழுதாக உள்ளே போகாது.

யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "ஷட்டர் பட்டுடுச்சு."

கண்ணோரம் வீங்கியிருந்தால் ஷட்டர். உதடு கிழிந்திருந்தால் ஷட்டர். எதிர்க்கடையில் சட்டைகளுக்குக் காஜா போட்டு பொத்தான் தைக்கிற பட்டன் அக்கா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "அது என்னடி ஷட்டர், இந்தத் தெருவுல உன்னை மட்டும் தேடித் தேடி விழுது?" கிரீஸக்கா சிரிக்க முயன்றாள். உதடு வலித்தது.

மூத்தவள் நான்கு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரே ஒரு முறை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டே நாள். ஷட்டர்காரர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவின் கணவரிடம் கைகூப்பிப் பேசினார். இப்படிப்பட்ட தங்கமான மனுஷனை விட்டுவிட்டு வரலாமா என்று அவர்களே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கமான மனுஷன் அன்றிலிருந்து வெளிவேலைக்குப் போகும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு ஓரமும் இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுப் போகலானார். வீடு என்பது கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. பின்கதவு கிடையாது. கூரைக்குக் கீழே கையளவு துவாரம் மட்டும். பகல் முழுக்க அவள் உள்ளேயே பட்டைகளைக் கோர்ப்பாள், ஸ்பிரிங்குக்கு கிரீஸ் பூசுவாள். கிரீஸக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

ஷட்டர்காரருக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு வாசலை அவர் ஒரு தடவைதான் அளப்பார். அளவை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். பத்து வருடம் கழித்து அதே வாசலுக்குப் புது ஷட்டர் கேட்டு வந்தாலும், நோட்டைப் பார்த்தே செய்து முடித்துவிடுவார். இன்னொரு தடவை அளந்துவிடலாமே என்று யாராவது சொன்னால், "வாசல் என்ன வளருமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு முறைகூட அது தப்பியதில்லை. அதுதான் வினையாகப் போனது.

மூத்தவளுக்கு நான்கு வயது முடிந்த சமயத்தில் கிரீஸக்காவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. ஷட்டர்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டும் நேரத்தில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. கால் வழியாகத் தண்ணீர் இறங்கி சிமெண்டுத் தரையில் ஓடியது.

அவர் தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்.

"இருபத்திரெண்டு மணி நேரம்."

"அப்ப நாளைக்குக் காலையிலதான். கிடங்கு வேலையை முடிச்சிட்டு நாலு மணிக்கு வந்துடுறேன். வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

ஒரு தடவை அளந்த அளவு! அவருக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளும் அதைத்தான் நம்பினாள். பிரசவம் என்றால் இருபத்திரண்டு மணி நேரம் என்று அவள் உடம்பில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் கட்டைக் குரலை ஒரு பகல் தள்ளிப்போடலாம் என்றுகூட மனதின் ஒரு மூலை ஆறுதல் பட்டது. ஆனாலும் அவள் ஒன்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட மூன்றோ நான்கோ விஷயங்களில் அது ஒன்று.

"பூட்டாம போங்க."

"எதுக்கு? பிள்ளையைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறதுக்கா?"

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. இடது பூட்டு. வலது பூட்டு. செருப்புச் சத்தம் தேய்ந்தது. அவளிடம் இருந்த போனைப் போன மாதமே அவர் சுவரில் அடித்து உடைத்திருந்தார்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் தடவை வந்தது தூறல் என்றேனே, இந்தத் தடவை தூறலே இல்லை. எடுத்த எடுப்பில் இடி. துணி மடித்துக்கொண்டிருந்தவளை அது முழங்காலில் தள்ளியது. போய்த் தொலைந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது. போன தடவை பதினெட்டாம் மணி நேரத்தில் வந்த வலி இது என்று அவளுக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்துக்கூட ஆகவில்லை. அந்தக் கணத்தில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. இது அதே வாசல் இல்லை. அந்த வாசலைத்தான் போன தடவை கிழித்துத் திறந்துவிட்டார்களே. குழந்தை இப்போது வரப்போகிறது. பூட்டிய இரும்புக்குப் பின்னால், தனியாக, நான்கு வயதுக் குழந்தையின் கண்ணெதிரே.

மூத்தவளைப் பின்னறையில் உட்கார வைத்தாள். காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். பிறகு ஷட்டரிடம் ஊர்ந்து வந்து, நான்கு வருடமாகப் பூட்டி வைத்திருந்த தொண்டையைத் திறந்து கத்தினாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அது இரும்புத் தெரு. வலப்பக்கம் லேத் பட்டறை, இடப்பக்கம் தகரம் அடிக்கிற கடை. பகல் வேளையில் அங்கே இடி விழுந்தாலும் பக்கத்துக் கடைக்காரன் ஏதோ அடிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது அவளுக்கு ஷட்டர்காரரின் வார்த்தை ஒன்று ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது. திருடன் ஷட்டரைத் தூக்க மாட்டான். நடுவில் அடித்து நெளிப்பான். நடு புடைத்தால் ஓரம் இரண்டும், அவை ஓடுகிற பக்கச் சட்டமான கைடைவிட்டு வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் நான் பட்டையைத் தடிமனாகப் போடுகிறேன், பாருங்கள்.

இரண்டு கிலோ சுத்தியல் மூலையில் கிடந்தது. எடுத்தாள்.

முழங்கால் போட்டுக்கொண்டு, வலிக்கும் வலிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் அடித்தாள். நடுப் பட்டையில், ஒரே இடத்தில். முதலில் ஒரு வலிக்கு முன்னால் ஏழெட்டு அடி அடிக்க முடிந்தது. பிறகு ஐந்து. பிறகு மூன்று. வலி வரும்போது நெற்றியை இரும்பில் முட்டிக்கொண்டு உறுமினாள். அது போனதும் மறுபடி அடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து சுத்தியல் பிடியில் ரத்தம் வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு அடித்தாள். முதல் அடி ஷட்டருக்குத்தான் விழுந்தது. அடுத்தது தொடையில் அறைந்த அந்த நர்ஸின் கைக்கு. அடுத்தது முக்காலி மேல் ஏறி நின்ற முழங்கைக்கு. அதற்கடுத்து விழுந்தவையெல்லாம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டை புடைத்தது. வலது ஓரம் கிறீச்சென்று கைடைவிட்டு விலகியது. தெரு வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

எதிர்க்கடையில் பட்டன் அக்கா நூல் கோர்க்க மிஷினை நிறுத்தியிருந்தாள். அடிக்கிற சத்தம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஷட்டர் கடையின் பூட்டு வெளியே தொங்குகிறது, அடி உள்ளேயிருந்து விழுகிறது. அது மட்டும் அவள் கண்ணை உறுத்தியது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இடுக்கு வழியாக ரத்தம் தோய்ந்த நான்கு விரல்கள் வெளியே வந்தன.

அவள் ஓடினாள். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு தெருவையே கூப்பிட்டாள். லேத்காரர் வந்தார். தகரக் கடைக்காரர்கள் வந்தார்கள். உள்ளேயிருந்து வந்த குரல் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னது. லேத்காரர் பூட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"புருஷன் பூட்டின வீடு. போன் போடுறேன், அவரே வந்து திறக்கட்டும்."

"வந்து? அவரே பெத்துக்குவாரா?" என்றாள் பட்டன் அக்கா. "கட்டிங் மிஷினை எடுத்துட்டு வாய்யா."

பூட்டுகள் இரண்டும் பொறி பறக்க அறுந்து விழுந்தன. மூன்று ஆண்கள் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அசையவில்லை. அவள் அடித்த அடியில் பட்டைகள் நெளிந்து, மேலே சுருளவேண்டிய உருளைக்குப் போகாமல் சிக்கிக்கொண்டிருந்தன. தன்னைத் திறந்துகொள்ள அவள் அடித்த அடியே கதவை இறுக்கிவிட்டது. என்ன கொடுமை!

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. அதைவிட பயங்கரமான ஒரு முனகல் கேட்டது.

பட்டன் அக்கா காத்திருக்கவில்லை. கடப்பாரையால் இடுக்கை அகட்டச் சொன்னாள். ஒரு பட்டை கிழிந்து ஒரு முழம் விலகியதும் தரையில் படுத்து உள்ளே நுழைந்தாள். கிழிந்த இரும்பு அவள் முதுகை இடுப்பு வரை கீறியது. அவள் அதை மறுநாள்தான் கவனித்தாள்.

உள்ளே, பட்டைகளைச் சுற்றி வந்த அட்டை மேல் கிரீஸக்கா கிடந்தாள். தலை வெளியே வந்திருந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று. முப்பது வருடமாக ஊசிக்காதில் நூல் கோர்த்த விரல்கள் அந்தக் கொடியின் அடியில் நுழைந்து, மெல்லத் தலைக்கு மேலாகக் கழற்றி எடுத்தன. அடுத்த வலியில் குழந்தை முழுதாக வழுக்கி வந்து பட்டன் அக்காவின் மடியில் விழுந்தது.

பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

பட்டன் அக்கா அதைத் தலைகீழாகத் தூக்கினாள். புட்டத்தில் அறைந்தால் அழும் என்று எல்லோருக்கும் தெரியுமே. கையை ஓங்கினாள்.

"அடிக்காதக்கா."

அது கெஞ்சல் இல்லை. கட்டளை. அந்தக் குரலை பட்டன் அக்கா அதற்கு முன் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

கிரீஸக்கா கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். நெஞ்சின் மேல் குப்புறப் போட்டாள். வாயையும் மூக்கையும் முந்தானையால் துடைத்தாள். உரிந்த உள்ளங்கையால் அந்தச் சின்ன முதுகைத் தேய்த்தாள். தேய்த்தாள். வெளியே தெருவே மூச்சை நிறுத்தியிருந்தது. லேத் ஓடவில்லை. தகரம் அடிக்கவில்லை. அந்தத் தெருவின் பகலில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு குழந்தை இருமியது. சிணுங்கியது. வீறிட்டு அழுதது.

"கத்துடி," என்றாள் கிரீஸக்கா. "நல்லா கத்து."

பட்டன் அக்கா தன் காஜா நூலால் கொடியைக் கட்டி, கத்தரியால் நறுக்கினாள். ஆண்கள் ஷட்டரைக் கைடோடு பெயர்த்து எடுத்து முடித்த நேரத்தில் ஷட்டர்காரர் வந்து சேர்ந்தார். லேத்காரர் போன் செய்திருந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது நெளிந்து கிடந்த ஷட்டர்தான்.

"எவன்டா என் ஷட்டரை நெளிச்சது?"

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஷட்டர் ஏற்றிச் செல்லும் சின்ன லாரி வாசலில் தயாராக நின்றது. ஒரு கையில் குழந்தையோடு, பட்டன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கிரீஸக்கா எழுந்து வந்தாள். ஷட்டர்காரர் வாசலை மறித்தார். வலது கையை நிலையில் ஊன்றிக்கொண்டு, அந்த உயராத குரலில் கேட்டார்: "ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிட்டியா? உள்ளே போ."

இடது கை அவள் தலைமுடியைத் தேடி வந்தது.

சுத்தியல் நிலைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நின்றது. அவள் குழந்தையைப் பட்டன் அக்காவிடம் கொடுத்தாள். நிதானமாகத்தான் கொடுத்தாள். குனிந்து எடுத்தாள். நிலையில் ஊன்றியிருந்த அந்த வலது கை மேல், நடுவில், ஒரே ஒரு அடி.

எலும்பு உடைகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாக இன்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அவர் கத்திய சத்தம் கேட்டது. அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக்கு ஒரே லாரிதான். பின்னால் கிரீஸக்காவும், மடியில் இரண்டு பெண்களும், பட்டன் அக்காவும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றிய கையோடு ஷட்டர்காரர். லேத்காரரும் தகரக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வேறு வண்டியில் வந்தார்கள்.

அதே வார்டு. அதே கட்டைக் குரல் நர்ஸ், கொஞ்சம் நரைத்திருந்தாள். நஞ்சுக்கொடி எடுக்க வேண்டும், காலை அகட்டு என்று சொல்லிக்கொண்டே பழக்கத்தில் தொடைப் பக்கம் கையை ஓங்கினாள். கிரீஸக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்பு வளைத்த பிடி அது.

"கை வைக்காம சொல்லுங்க. செய்றேன்."

நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, தலையணையை எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்தாள்.

முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் யாராவது கடைக்கு வந்து பேச்சுவாக்கில் கேட்டால் கிரீஸக்கா இப்போதும் சொல்வாள்: "மொதல்ல என்னை அடிச்சாங்க. ரெண்டாவதுல நான் அடிச்சேன். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ரெண்டாவது சீக்கிரம் வந்துடும், வீட்டுல இருக்காதே, கிளம்பிடு என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவாள்.

ஷட்டர்காரர் அதற்குப் பிறகு அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். மூன்று விரல்கள் கடைசி வரை நிமிரவில்லை. ஆனால் அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைப் பட்டன் அக்கா மறக்கவே இல்லை.

அன்று லாரியிலிருந்து இறக்கியதும், கிரீஸக்காவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து வராண்டா வழியாக வார்டுக்குக் கொண்டுபோனார்கள். வழியில்தான் கட்டுப் போடும் அறை. கதவு திறந்திருந்தது. பெஞ்சில் ஷட்டர்காரர். கையைப் பிடித்துப் பார்த்த கட்டுக்காரர், இப்படி நசுங்கியிருக்கிறதே, எப்படி ஆனது, யாராவது அடித்தார்களா, போலீசுக்கு எழுத வேண்டுமா என்று விசாரித்தார்.

ஷட்டர்காரர் நிமிர்ந்தார். வாசலில் தள்ளுவண்டி நின்றிருந்தது. அதன் மேல் அவள், நெஞ்சில் குழந்தை. அவள் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் பட்டன் அக்கா, லேத்காரர், தகரக் கடைக்காரர்கள் இரண்டு பேர். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல வேண்டும். அந்த நான்கு பேருக்கும் எதிரே சொல்ல வேண்டும்.

அவர் தலை குனிந்தது.

"ஷட்டர் பட்டுடுச்சு," என்றார்.